தலையில் பட்ட அடியும் விசாரணை நாளும்

(எங்கள் ஞாயிறு ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று கடும் பனி கொட்டியதால் பலருக்கு வரமுடியாமல் போனது. அவர்களும் வாசிக்கட்டும் என்று இங்கே தருகிறோம்.)



போன மாதம் ஒரு தம்பி எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிற வேலை. இரவு குப்பைப் பையைப் பின்பக்கம் வைக்கப் போனவர், இரும்புப் படியின் கடைசித் தட்டில் ஐஸில் வழுக்கி மல்லாக்க விழுந்திட்டார். பின்மண்டையில் நல்ல அடி. விழுந்தது ஞாபகம் இருக்கு, எழும்பி உள்ளுக்கு வந்தது ஞாபகம் இல்லை. ஆனாலும் முதலாளி ஏதும் சொல்லுவார் என்ற பயத்தில் மிச்சக் கோப்பைகளையும் கழுவிப்போட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். அறையில் இருந்த நண்பர் சித்தாலேபை பூசி, பனடோல் குடுத்துப் படுக்க வைத்தார். அடுத்த நாள் விடிய தலைக்குத்து, ஒருதரம் சத்தி, வெளிச்சத்தைப் பார்க்கேலாது. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஏழு மணித்தியாலம் காத்திருந்த பிறகு டொக்டர் கண்ணுக்கு லைற் அடிச்சுப் பார்த்தார், நடக்கச் சொன்னார், சில கேள்விகள் கேட்டார், பிரெஞ்சில் அச்சடித்த ஒரு தாளைக் குடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார். ஸ்கான் எடுக்கவில்லை.

அவர் என்னிடம் வந்து சொன்ன முதல் வார்த்தை: "அக்கா, நாங்கள் அகதி எண்டபடியால்தான் ஸ்கான் எடுக்கேல்லை."

இரண்டாவதாக அவர் சொன்னது இன்னும் பாரமான விசயம். விழுந்து மூன்று கிழமையாகியும் எதையும் ஞாபகம் வைத்திருக்க முடியவில்லை, சமையலறைச் சத்தம் தாங்க முடியவில்லை, காரணமில்லாமல் கோபம் வருகிறது. அகதி விசாரணைக்கு இன்னும் இரண்டு மாதம்தான். ஊரில் 2009இல் துவக்குப் பிடியால் மண்டையில் அடி வாங்கியதும் அந்த விசாரணையில் சொல்லவேண்டிய ஒரு விசயம். மூன்றாவதாக ஒரு கடிதத்தை நீட்டினார். தலையில் அடிபட்டவர்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றில் சேர விருப்பமா என்று கேட்கிற கடிதம். "எங்களை வைச்சுப் பரிசோதனை செய்யப்போறாங்களோ?" என்று கேட்டார்.

அவருடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் இதைச் சொல்கிறேன். இந்த மூன்று கேள்வியையும் வேறு வேறு ஆட்கள் என்னிடம் முன்னமும் கேட்டிருக்கிறார்கள். அதனால் இன்றைக்கு இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகக் கதைப்பம்.

ஏன் ஸ்கான் எடுக்கவில்லை?

மூளை என்பது ஏறக்குறைய 1300, 1400 கிராம் எடையுள்ள மெதுமையான பொருள். மண்டையோட்டுக்குள் ஒரு நீர்மத்தில் மிதக்கிறது. தலை திடீரென்று ஒரு இடத்தில் மோதி நிற்கிறபோது மூளை உள்ளுக்குக் குலுங்குகிறது. பல நேரங்களில் இரத்தம் கசிவதில்லை, எலும்பு உடைவதில்லை. ஆனால் நரம்புக் கலங்கள் வேலை செய்கிற முறை கொஞ்ச நாளைக்குக் குழம்பிப் போகிறது. இதைத்தான் இங்கே 'கன்கஷன்' என்கிறார்கள், பிரெஞ்சில் 'கொமோஸியோன்'. நாங்கள் மூளை அதிர்ச்சி என்று சொல்லலாம். ஸ்கான் காட்டுவது இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் வீக்கத்தையும்தான். குலுக்கத்தை அது காட்டாது. ஆகவே ஸ்கான் எடுத்து, எல்லாம் சரி என்று வந்திருந்தாலும் தம்பியின் தலைக்குத்து இருந்திருக்கும்.

அப்படியானால் யாருக்கு ஸ்கான் எடுப்பது? இதற்கு ஒரு விதி இருக்கிறது. அது எங்கள் பக்கத்து ஊரான ஒட்டாவாவில் பிறந்தது. டொக்டர் இயன் ஸ்டீலும் அவரோடு சேர்ந்தவர்களும் கனடாவின் 10 ஆஸ்பத்திரிகளில் தலையில் அடிபட்டு வந்த 3121 பேரைப் பின்தொடர்ந்து பார்த்து, 2001இல் 'லான்செற்' என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அடிபட்டு இரண்டு மணித்தியாலம் கழிந்தும் முழுத் தெளிவு வராதவர், மண்டையோடு உடைந்ததற்கான அடையாளம் உள்ளவர், இரண்டு தரமோ அதற்கு மேலோ சத்தி எடுத்தவர், 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். அடிபட முன் நடந்தவற்றில் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் மறந்துபோனவர், வாகனம் மோதிய பாதசாரி, மூன்று அடிக்கு மேலிருந்தோ ஐந்து படிக்கு மேலிருந்தோ விழுந்தவர் ஆகியோரையும் கவனிக்க வேண்டும். தம்பி விழுந்தது கடைசிப் படியில். சத்தி எடுத்தது ஒருதரம். வயது முப்பத்தொன்று. வந்தபோது தெளிவாகத்தான் கதைத்திருக்கிறார். அந்த விதிப்படி அவருக்கு ஸ்கான் தேவைப்படவில்லை. அகதிக்கும் அதே விதிதான், அமைச்சரின் மகனுக்கும் அதே விதிதான். ஸ்கானில் கதிர்வீச்சு இருக்கிறது, தேவையில்லாமல் எடுப்பதும் நல்லதல்ல.

அதற்காக ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. விளங்காத மொழியில் ஒரு தாளைக் குடுத்து அனுப்புவது மருத்துவம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேணும். அந்தத் தாளில் என்ன இருந்தது தெரியுமோ? எந்தக் குறி தெரிந்தால் உடனே திரும்பி வரவேண்டும் என்று இருந்தது. உயிர் காக்கிற பகுதியே அதுதான். தம்பி அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தவர்.

அந்தக் குறிகளைச் சொல்கிறேன், தயவுசெய்து வீட்டில் எழுதி ஒட்டி வையுங்கோ. தலையிடி நேரத்துக்கு நேரம் கூடிக்கொண்டு போவது. திரும்பத் திரும்பச் சத்தி. எழுப்ப எழுப்ப நித்திரையில் விழுவது. ஆட்களை அடையாளம் தெரியாமல் குழம்புவது. கதை குழறுவது. கை காலில் ஒரு பக்கம் பெலன் குறைவது. வலிப்பு. கண்மணி ஒன்று பெரிசு, ஒன்று சின்னன். மூக்காலோ காதாலோ தண்ணி மாதிரியோ இரத்தமோ வடிவது. இதில் ஒன்று கண்டாலும் 911. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிக்கிற அப்பா அம்மாமார் தலையில் அடிபட்டால், குறி ஒன்றும் இல்லாவிட்டாலும் போய்க் காட்டுங்கோ. சந்தேகம் என்றால் 811ஐ எடுத்து, தாதியிடம் கேட்கலாம்.

"எழும்பி நல்லாத்தானே கதைச்சவர்" என்று நாங்கள் சொல்லுவோம். அந்த நம்பிக்கை பொல்லாதது. 2009 மார்ச் 16இல் எங்கள் மாகாணத்து மொன்-ட்ரொம்ப்ளான் பனிச்சறுக்கு மலையில் நத்தாஷா ரிச்சர்ட்சன் என்ற பிரபல நடிகை விழுந்தார். பழகுகிறவர்களுக்கான சின்னச் சரிவு அது. தலைக்கவசம் இல்லை. எழும்பிச் சிரித்துக் கதைத்தார், முதலில் வந்த அம்புலன்ஸ் திரும்பிப் போனது. பிறகுதான் தலையிடி தொடங்கியது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து மொன்றியல் சாக்ரே-கேர் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளில் நியூயோர்க்கில் இறந்துபோனார். வயது 45. மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவில் இரத்தம் தேங்கி மூளையை அமுக்கியது. இப்படியான இரத்தக் கசிவில் நடுவில் கொஞ்ச நேரம் ஆள் தெளிவாக இருப்பார். அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் ஏமாந்துபோவது. முதல் நாள் தனியே விடாதேங்கோ என்று டொக்டர்மார் சொல்வது இதனால்தான்.

இருட்டறையா, நடையா?

முந்தி என்ன சொன்னார்கள்? தலையில் அடிபட்டால் இருட்டறையில் படு, படிக்காதே, நடக்காதே, எல்லாம் மாறும் வரைக்கும் ஓய்வு. எங்கள் அம்மாமாரும் அதைத்தான் சொல்லுவினம். ஆனால் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். அமெரிக்காவில் 11 முதல் 22 வயதுக்குட்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஐந்து நாள் கடும் ஓய்வும், மற்றப் பகுதிக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வும் பிறகு படிப்படியாக வழமைக்குத் திரும்புதலும் என்று வைத்துப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வந்தது. ஐந்து நாள் படுத்திருந்தவர்கள்தான் கூட நாள் தலையிடி, தலைச்சுற்று என்று சொன்னார்கள். 2019இல் இன்னொன்று: விளையாட்டில் அடிபட்ட 103 இளையோரில், அளவாக உடலசைவுப் பயிற்சி செய்தவர்கள் 13 நாளிலும், வெறுமனே கை கால் நீட்டி மடக்கியவர்கள் 17 நாளிலும் தேறினார்கள். அது நடுப்பெறுமானம், ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இப்போதைய அறிவுரை இதுதான். முதல் ஒன்றிரண்டு நாள் அமைதி, ரெலிபோன் திரையையும் கணினியையும் குறைத்தல், வீட்டுக்குள்ளும் வெளியிலும் மெதுவாக நடத்தல். பிறகு தலையிடி பெரிதாகக் கூடாத அளவுக்குப் படிப்படியாக. திரும்ப அடிபடக்கூடிய வேலையும் விளையாட்டும் மட்டும் டொக்டர் சம்மதிக்கும் வரை கூடாது. மதுவும் வேண்டாம்.

தம்பி இரண்டு பிழையையும் விட்டவர். விழுந்த இரவே வேலை, பிறகு நாலு நாள் போர்வைக்குள்.

"பரிசோதனை செய்யப்போறாங்களோ?"

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருவம். ஆராய்ச்சி என்றதும் பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இந்த நகரத்தில் பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. மலைச்சரிவில் இருக்கிற அலன் மெமோரியல் கட்டடத்தை பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 1957 முதல் 1964 வரை அங்கே டொக்டர் யூவன் கமரோன் என்பவருக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. மறைமுகமாகப் பணம் குடுத்தது. மனச்சோர்வு, பதற்றம் என்று வைத்தியத்துக்கு வந்தவர்களுக்கு அளவுக்கு மீறிய மின் அதிர்ச்சி, மருந்து குடுத்து வாரக்கணக்கில் நித்திரை, ஒரே வசனத்தை ஒலிநாடாவில் ஓயாமல் போடுதல் எல்லாம் செய்தார்கள். ஒருவரிடமும் உண்மையைச் சொல்லிச் சம்மதம் கேட்கவில்லை. சிலர் தங்கள் பிள்ளைகளையே மறந்துபோனார்கள். 1992இல் கனடா அரசு 77 பேருக்கு ஆளுக்கு ஒரு இலட்சம் டொலர் குடுத்தது. கேட்டு மறுக்கப்பட்டவர்கள் அதைவிடக் கூட.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு உங்களிடம் நீட்டுகிற அந்த நீண்ட சம்மதப் படிவம் இப்படியான அநியாயங்களுக்குப் பிறகு வந்த காவல். வாசிக்கச் சலிப்பாக இருந்தாலும் அது உங்கள் பக்கம் நிற்கிற தாள். கியூபெக் சிவில் சட்டம் என்ன சொல்கிறது? உடலையோ மனதையோ பாதிக்கக்கூடிய ஆராய்ச்சிக்கு எழுத்தில் சம்மதம் வேண்டும். அதை எப்போதும் திரும்பப் பெறலாம், வாயால் சொன்னாலே போதும். ஏற்படுகிற நட்டத்துக்கும் சிரமத்துக்கும் ஈடாகத் தருவதைத் தவிர, பணப் பரிசு தரக்கூடாது. எந்த ஆய்வையும் முன்கூட்டியே ஒரு நெறிமுறைக் குழு பார்த்திருக்க வேண்டும். அந்தக் குழுவின் தொடர்பு இலக்கம் படிவத்தில் இருக்கும். இல்லாவிட்டால் கையெழுத்து வைக்காதேங்கோ.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று ஒதுங்கினால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். ஒன்று சொல்கிறேன். மண்டையில் பலத்த அடிபட்டவர்களுக்கு வீக்கம் குறையட்டும் என்று ஸ்ரீரொயிட் ஊசி போடுவது முப்பது வருசத்துக்கு மேலாக உலகமெங்கும் நடந்து வந்தது. நல்லது செய்கிறோம் என்றுதான் டொக்டர்மார் நம்பினார்கள். பிறகு பல நாடுகள் சேர்ந்து 10,008 பேரில் ஒரு பெரிய ஆய்வு செய்து, 2004இல் வெளியிட்டார்கள். 'க்ராஷ்' என்று அதற்குப் பெயர். ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பேர் இரண்டு கிழமைக்குள் இறந்தார்கள். போட்டவர்களில் 21 பேர். அந்த ஊசி ஆட்களைக் கொன்றுகொண்டிருந்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பத்தாயிரம் பேர் சேராவிட்டால் இன்றைக்கும் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அதே குழு 2019இல் வேறொரு மருந்தைப் பார்த்தது: இரத்தப்போக்கு அதிகமான பெண்களுக்குக் குடுக்கிற ட்ரானெக்ஸாமிக் அமிலம். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்த ஆய்வு. அடிபட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் குடுத்தால், காயம் மிகக் கடுமையாக இல்லாதவர்களில் சாவு குறைகிறது என்று கண்டார்கள். விலை மலிந்த மருந்து, எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கும் கட்டுப்படியாகும்.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது: சேர்வதும் விடுவதும் உம்மட இஷ்டம். சேர்ந்ததால் அகதிக் கோரிக்கைக்கு உதவியும் இல்லை, சேராததால் கெடுதலும் இல்லை. வைத்தியம் இரண்டு விதத்திலும் கிடைக்கும். ஆனால் கையெழுத்து வைக்க முன் கேட்கவேண்டியதைக் கேளும். எனக்கு ஏதும் மருந்து தருவீர்களா, அல்லது படம் எடுத்துக் கேள்வி கேட்பது மட்டுமா? என் பெயரோடு விவரம் யாரிடம் போகும்? மொழிபெயர்ப்பாளர் இருப்பாரா? எத்தனை நாள் வேலையை விட்டு வரவேண்டும்? இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஆய்வுக்காக எடுக்கிற படம் உங்கள் வைத்திய அறிக்கை அல்ல. அதை விசாரணையில் சாட்சியாகக் காட்டலாம் என்று நம்பிச் சேர்ந்து ஏமாறாதேங்கோ.

ஞாபகமும் பொய்யும்

இனிச் சொல்லப்போவதுதான் என் மனதை அதிகம் உறுத்துகிற விசயம்.

விசாரணையில் ஒருவரை நம்புவதா இல்லையா என்பதற்குத் திகதிகளும் விவரங்களும் பெரிய பங்கு வகிக்கின்றன. பி.ஓ.சி. படிவத்தில் மார்ச் என்று எழுதி, விசாரணையில் மே என்று சொன்னால் கேள்வி வரும். "வேலைக்குப் போகிறார், சமைக்கிறார், மெற்றோ மாறி வருகிறார், ஆனால் எந்த வருசம் பிடிபட்டது என்று தெரியவில்லையாம்" என்று நினைக்க இடமுண்டு.

ஞாபகம் ஒரே பொருள் அல்ல என்று உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் எங்கள் மொன்றியலில் வேலை செய்தவர். டொக்டர் வில்டர் பென்ஃபீல்ட் 1934இல் தொடங்கிய நரம்பியல் நிறுவனத்தில் பிரெண்டா மில்னர் என்ற அம்மையார் இருந்தார். அமெரிக்காவில் ஹார்ட்ஃபர்ட் நகரில் 1953இல் வலிப்பு நோய்க்காக ஒருவருக்கு மூளையின் இரு பக்கத்திலும் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்புக் குறைந்தது, ஆனால் புதிதாக ஒன்றும் அவர் மனதில் நிற்கவில்லை. ஆய்வுகளில் அவரை எச்.எம். என்றுதான் எழுதினார்கள். மில்னர் இங்கிருந்து ரயிலில் போய் அவரைச் சோதித்தார். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்று நாளில் அவர் கை நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் அப்படி ஒன்றை முன்னம் வரைந்ததாகவே அவருக்கு நினைவில்லை. கை கற்றது வேறு இடத்தில், நடந்த சம்பவம் பதிவது வேறு இடத்தில்.

எங்கள் ஆட்களுக்கு எச்.எம். போல நடந்தது என்று சொல்ல வரவில்லை. அது மிகக் கடுமையான நிலை. ஆனால் ஒருவர் ரொட்டி சுட்டு அடுக்குகிறார் என்பதால் அவருக்குத் திகதி ஞாபகம் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

சரி, தலையில் அடிபடாதவர்களுக்கு ஞாபகம் அச்சுப்போல இருக்குமா? இங்கிலாந்தில் ஜேன் ஹெர்லிஹியும் வேறு இருவரும் கொசோவோ, பொஸ்னியாவிலிருந்து வந்த 39 அகதிகளை, சில கிழமை அல்லது மாத இடைவெளியில் இரண்டு தரம் செவ்வி கண்டு 2002இல் எழுதினார்கள். அந்த 39 பேருக்கும் ஏற்கெனவே தங்க அனுமதி கிடைத்தாயிற்று, பொய் சொல்ல அவசியமே இல்லை. அப்படியிருந்தும் முதல் சொன்னதும் பிறகு சொன்னதும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. முக்கிய சம்பவத்தைவிட அதன் ஓரங்களில் இருந்த விவரங்கள்தான் கூட மாறின. அதிர்ச்சியின் பாதிப்புக் கூடியவர்களுக்கு, இடைவெளி நீள நீள மாற்றமும் கூடியது. வியட்நாமில் சிறையில் அடிபட்டுப் பிறகு அமெரிக்கா வந்தவர்களின் மூளையைப் படம் எடுத்த ஓர் ஆய்வும் இருக்கிறது, 2009இல் வந்தது. தலைக்காயம் பட்டவர்களின் மூளையில் சில இடங்களில் மேற்பட்டை மெலிந்திருந்தது. சிறையால் வந்து பல வருசம் கழித்து எடுத்த படம் அது.

ஆகவே பழைய அடியையும் டொக்டரிடம் சொல்லுங்கோ. "அது அப்ப நடந்தது, இப்ப என்னத்துக்கு" என்று விடாதேங்கோ. எத்தனை தரம் தலையில் அடித்தார்கள், நினைவு தப்பியதா, காதில் இரைச்சல் இருக்கா எல்லாவற்றையும். கையைப் பின்னுக்குக் கட்டித் தூக்கினவர்கள், தோளிலிருந்து கைக்குப் போகிற நரம்புக்கூட்டம் இழுபட்டதால் கை விறைப்பு, பெலன் குறைவு என்று பல வருசம் கஷ்டப்படுகிறார்கள். வெளி நரம்பு அறுந்தால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் வளரும், அதுவும் எல்லாருக்கும் முழுசாக வளராது. அந்தப் பாதிப்பை நரம்பு மின்சோதனையில் பார்க்க முடியும். சித்திரவதைக் காயங்களை எப்படிப் பார்த்து எழுதவேண்டும் என்று ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை இருக்கிறது. 1999இல் வந்தது, 2022இல் திருத்தப்பட்டது. அதன்படி எழுதின அறிக்கைக்குப் பெறுமதி உண்டு. அப்படியான அறிக்கை எழுத நேரம் எடுக்கும், விசாரணைக்கு முதல் கிழமை ஓடித் திரிந்து பிரயோசனமில்லை.

லோயரிடமும் சொல்லுங்கோ, முதல் சந்திப்பிலேயே. அகதிகள் சபைக்கு 8ஆம் வழிகாட்டி என்று ஒன்று இருக்கிறது. 2006இல் வந்தது, 2023இல் புதுப்பித்தார்கள். உடல், மன நிலையால் தன் வழக்கைச் சொல்லக் கஷ்டப்படுகிறவருக்கு விசாரணை நடைமுறையை மாற்றலாம் என்று அது சொல்கிறது. இடையிடையே ஓய்வு கேட்கலாம். உங்கள் லோயர் முதலில் கேள்வி கேட்கும்படி கேட்கலாம். நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் இருத்தலாம். இப்போது விசாரணைகள் பெரும்பாலும் காணொளியில்தான். திரையைப் பார்த்தால் தலைக்குத்து வருகிறவருக்கு அது தண்டனை, அவர் நேரில் வரவேண்டும் என்று கேட்கலாம். இதெல்லாம் தானாக வராது. எழுத்தில், எவ்வளவு முந்திக் கேட்கலாமோ அவ்வளவு முந்தி, டொக்டரின் கடிதத்தோடு கேட்கவேண்டும்.

நான் படிப்பிச்ச காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன், பரீட்சையில் ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதேங்கோ, தெரிந்ததை எழுதுங்கோ, ஒரு புள்ளியாவது கிடைக்கும் என்று. விசாரணைக்கு வருகிற எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப்பேரும் அந்தப் பாடத்தை நல்லாப் படிச்சவர்கள். தெரியாத திகதிக்கு ஒரு திகதி சொல்லிவிடுவார்கள். இங்கே அது தலைகீழ். ஞாபகம் இல்லை என்றால் ஞாபகம் இல்லை என்று சொல்லுங்கோ. மழைக்காலம், பெரியக்காவின் கலியாணத்துக்கு முன்னம், கோயில் கொடியேறின கிழமை என்று ஞாபகம் இருந்தால் அப்படியே சொல்லுங்கோ. ஊகித்துச் சொன்ன ஒரு திகதி, உண்மையான பத்து விசயத்தையும் சேர்த்து விழுத்திப்போடும். இப்படி விழுந்த ஒரு கோரிக்கையை நான் கிட்டவிருந்து பார்த்திருக்கிறேன். அந்த மனிசன் சொன்ன திகதி பிழை, முதுகில் இருந்த தழும்பு உண்மை.

செலவு பற்றிச் சுருக்கமாக

வேலையில் விழுந்தால் அது சி.என்.இ.எஸ்.எஸ்.ரி. விசயம். முதலாளியிடம் உடனே சொல்லுங்கோ, டொக்டரிடம் "வேலையில் விழுந்தனான்" என்று சொல்லி வேலைக்காய மருத்துவச் சான்று வாங்குங்கோ, ஆறு மாதத்துக்குள் விண்ணப்பியுங்கோ. தம்பி வீட்டுப் படியில் விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார், முதலாளிக்குப் பயந்து. அதைத் திருத்தப் பட்ட பாடு தனிக்கதை. வாகன விபத்து என்றால் எஸ்.ஏ.ஏ.கியூ. 1978 மார்ச் முதல் இந்த மாகாணத்தில் பிழை யாரில் என்று பார்க்காமல் உடற்காயத்துக்கு ஈடு குடுக்கிறார்கள். கியூபெக்கில் வசிக்கிறவர் பாதசாரியாக இருந்தாலும் சைக்கிளில் போனாலும் கேட்கலாம், மூன்று வருசத்துக்குள். அகதிக் கோரிக்கையாளருக்கு டொக்டர், ஆஸ்பத்திரிச் செலவு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டத்தில் வரும். உடற்பயிற்சி வைத்தியம் போன்றவற்றுக்குப் போக முன் அந்தத் திட்டத்தை ஏற்கிற இடமா என்று கேளுங்கோ.

பிள்ளைகள்

அன்று கேள்வி நேரத்தில் ஒரு அம்மா எழும்பி, மகன் பள்ளிக்கூடத்தில் ஹொக்கி விளையாடி விழுந்ததை இரண்டு நாள் சொல்லாமல் மறைத்தவன், ஏன் என்று கேட்டா. விளையாட விடமாட்டார்கள் என்ற பயம்தான். 2013இல் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பிள்ளை ரக்பி விளையாட்டில் ஆறு நாளுக்குள் பல தரம் தலையில் அடிபட்டு இறந்தாள். மூளை அதிர்ச்சியின் குறிகளை இன்ரநெற்றில் தேடியிருக்கிறாள், தாய் தகப்பனிடம் சொல்லவில்லை. முதல் அடி மாறமுன் இரண்டாவது அடி விழுந்தால் மூளை திடீரென்று வீங்கக்கூடும். அவளுடைய பெயரில் 2018இல் ஒன்ராறியோவில் சட்டம் வந்தது. கிரிக்கெற் பார்க்கிற அப்பாமாருக்கு: 2019இல் லோர்ட்ஸ் மைதானத்தில் ஸ்ரீவ் ஸ்மித்துக்குக் கழுத்தில் பந்து பட்டது. திரும்ப வந்து ஆடினார். ஆனால் அடுத்த நாள் மூளை அதிர்ச்சியின் குறி தெரிந்ததும் வெளியே இருத்தி, லபுஷேனை இறக்கினார்கள். அவருக்கே இருத்தல் என்றால் உங்கள் மகனுக்கும் இருத்தல்தான்.

அந்த அம்மா திரும்பக் கேட்டா, "அப்ப நான் அவனைப் பேசினது பிழையோ?" பேசினால் அடுத்த முறையும் மறைப்பான் என்று சொன்னேன். அடிபட்டதைச் சொன்னதற்காக ஒருநாளும் ஏசுவதில்லை என்று வீட்டில் ஒரு உடன்பாடு வையுங்கோ.

தம்பியின் விசாரணை பின்போடப்பட்டிருக்கிறது. டொக்டரின் கடிதம் போயாயிற்று, நேரில் வரவும் அனுமதி கிடைத்திருக்கிறது. ஆராய்ச்சிக் கடிதத்துக்கு அவர் இன்னும் பதில் எழுதவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ தந்த ஆஸ்பத்திரித் தாள், சம்மதப் படிவம் ஏதும் மடித்து வைத்திருந்தால், செவ்வாய் வியாழன் பின்னேரங்களில் கொண்டுவாங்கோ. இருந்து சேர்ந்து வாசிப்பம்.